வெள்ளிக்கிழமைக்குள் போலீஸ்!

போன் அலறியது.

ஹோட்டல் சர்வர் ரோவினா பிக்ஸ்பி கையிலிருந்த காபி ஜாடியை மேஜையில் வைத்தாள். தெரியாத எண். எடுக்கவும் பயம்... எடுக்காமல் விடவும் பயம்.

"கார்வின் கவுண்டி ஷெரிஃப் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். லெஃப்டினன்ட் ப்ரூயிட். வேலைக்கு மனு போட்டிருந்தீங்கல்ல?"

"ஆமா சார்..."

"மதியம் வண்டி எடுத்துட்டு வர்றேன். கூட ஒரு ரவுண்டு வாங்க. ஆளு எப்படின்னு பார்த்து மேல சொல்லணும்."

அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வேலை தருவதற்கு முன் ரோந்து வண்டியில் பக்கத்தில் உட்கார வைத்து ஊரைச் சுற்றிவருவது அந்தப் பக்கத்து வழக்கம். கூப்பிட்டுவிட்டார்கள் என்றால் பாதி வேலை கிடைத்த மாதிரி.

ரோவினா சொந்தக் காசில் போலீஸ் பயிற்சி முடித்தவள். அங்கேதான் வில்லங்கம்! சொந்தக் காசில் படித்தவர்கள் பாஸானாலும் போலீஸ் கிடையாது. தேர்ச்சிக் கடிதம் ஒன்றைக் கையில் திணித்து அனுப்பிவிடுவார்கள். ஏதாவது ஒரு போலீஸ் ஆபீஸோ ஷெரிஃப் ஆபீஸோ வேலைக்கு எடுத்துக்கொண்டால்தான் சர்ட்டிஃபிகேட்டே வரும். அதுவும் ஒரு வருஷத்துக்குள் எடுக்க வேண்டும். இல்லையென்றால் அத்தனை படிப்பும் ஆற்றில் கரைத்த புளி.

அவளுடைய கெடு வெள்ளிக்கிழமை முடிகிறது.

கூடப் படித்த டெலியாவின் கெடு போன மாதம். அது முடிவதற்கு முந்தின நாள் கல்குவாரிக் குட்டையில் பிணமாக மிதந்தாள்... இஸ்திரி போட்ட இன்டர்வியூ கோட்டோடு! வேலை கிடைக்காத விரக்தியில் குதித்துவிட்டாள் என்று ஊரே உச்சுக்கொட்டியது. அன்றிலிருந்து ரோவினாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. தனக்கும் அந்தக் கதிதானோ என்று பயந்துகொண்டே இருந்தாள்.

மதியம் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. யூனிஃபார்ம், பேட்ஜ், இடுப்பில் துப்பாக்கி. நாற்பது வயது ப்ரூயிட் வாய் நிறையச் சிரித்தான். அவளும் இஸ்திரி போட்ட கோட்டில்தான் ஏறினாள்.

கார் ஊரைத் தாண்டியது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம். ஆள் நடமாட்டமே இல்லை.

"ஏம்மா, கோட்டு நுனியை இப்படித் திருகிக்கிட்டு இருக்க?"

"வெள்ளிக்கிழமையோட கெடு முடியுது சார். அந்தப் பயம்தான்."

"அட, நானும் உன்னை மாதிரிதாம்மா. என் சொந்தக் காசுதான். பயிற்சி முடிஞ்ச அன்னிக்கே சர்ட்டிஃபிகேட்ட கையில குடுத்துட்டான். அதைத் தூக்கிக்கிட்டு எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கியிருப்பேன், தெரியுமா? ஏழெட்டு மாசம் கழிச்சுத்தான் ஒருத்தன் வேலை குடுத்தான்."

ரோவினா சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

சர்ட்டிஃபிகேட்டைத் தூக்கிக்கொண்டு வேலை தேடினானா? வேலை கிடைக்காமல் அது எப்படி வரும்?

கடைசிவரை படித்த எவனும் இந்தத் தப்பைச் சொல்ல மாட்டான். அப்படியென்றால்... இவன் போலீஸே இல்லை!

கார் மண் பாதையில் திரும்பியது. குவாரிப் பாதை. டெலியா ஏன் இன்டர்வியூ கோட்டோடு செத்தாள் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. அவளையும் யாரோ இப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். கத்தினாலும் கேட்க நாதியில்லை.

"சார்... ஆபீஸ் இந்தப் பக்கம் இல்லையே?"

அவன் சிரிப்பு நின்றது.

"டெலியாவும் இதே இடத்துலதான் கேட்டா. பாதிப் படிப்புல என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளினாங்க. எனக்குக் கிடைக்காத யூனிஃபார்ம நீங்க மட்டும் போட்டுக்கிட்டுத் திரிவீங்களா?"

அந்த ஊர் வண்டிகளில் ஸ்டீயரிங் இடப்பக்கம்; அவன் அவளுக்கு இடப்பக்கம் இருந்தான். துப்பாக்கி அவன் வலது இடுப்பில்... அவள் கைக்கு எட்டும் தூரத்தில்! பயிற்சியில் கை மரத்துப்போகும்வரை உருவிப் பழகிய உறை. பெருவிரலால் பூட்டைத் தள்ளினாள். உருவினாள்.

காற்றுப்போல் லேசாக இருந்தது.

பொம்மைத் துப்பாக்கி!

"அசலுக்கு லைசென்ஸ் கேக்கறானுங்களேம்மா" என்று இளித்தபடி அவன் சீட்டுக்கு அடியில் கையை விட்டான். கத்தி பளிச்சிட்டது.

ரோவினா யோசிக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒரே இழுப்பு!

கார் பள்ளத்தில் பாய்ந்து வேலிக் கம்பத்தில் மோதியது. அவளை பெல்ட் காப்பாற்றியது. பெல்ட் போடாத ப்ரூயிட் கண்ணாடியில் மோதிச் சரிந்தான். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. அவன் இடுப்பில் தொங்கிய விலங்கை எடுத்துப் பார்த்தாள். அது மட்டும் அசல். அவன் கையை ஸ்டீயரிங்கோடு சேர்த்துப் பூட்டினாள். பிறகு வெளியே இறங்கி, புல்லில் உட்கார்ந்து, போலீஸுக்குப் போன் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

வந்தது நிஜமான ஷெரிஃப், கவுண்டிப் போலீஸுக்கே தலைவி, ஓடெட் மார்லோ. தலை நரைத்த பெண்மணி. ப்ரூயிட் என்ற பெயரில் தன் ஆபீஸில் யாருமே கிடையாது என்றாள். நடந்ததையெல்லாம் கேட்டாள். அதற்குள் விழித்துக்கொண்டவன் காருக்குள்ளிருந்து கத்தினான்.

"அவ ஹோட்டல்ல காபி ஊத்தறவ! போலீஸே இல்லாத அவ எப்படி எனக்கு விலங்கு போடலாம்? கேஸ் போடுவேன்!"

ஷெரிஃப் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"உன் மனு ரெண்டு மாசமா என்கிட்டதான் இருக்கு. உன்னைப் பத்தின விசாரணை எல்லாம் முடிஞ்சாச்சு. பயந்தா இந்தப் பொண்ணு உறைஞ்சு போயிடுவாளோன்னுதான் தள்ளிப் போட்டேன்."

"பயந்தேன் மேடம். இப்பவும் பயமாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். கை வேலை செஞ்சுதுல்ல, அது போதும். வலது கையைத் தூக்கு."

வேலி ஓரத்திலேயே உறுதிமொழி முடிந்தது. ஷெரிஃப் தன் நோட்டை நீட்டி, முதல் கேஸை நீயே எழுது என்றாள். சர்ட்டிஃபிகேட் இனித் தானாக வரும். டெலியாவுக்கும் ஒரு வேலை கிடைத்திருந்தால் என்று நினைத்தபோது ரோவினாவுக்குக் கண் நிறைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கார் ஜன்னலில் குனிந்தாள்.

"சார், உங்களைப் பிடிச்சது ஹோட்டல் சர்வர்தான். ஆனா, இப்ப எழுதிக்கப்போறது போலீஸ். சொல்லுங்க... என்ன சாப்பிடறீங்க, ஆயுளா, தூக்கா?"