கழுதை உதைத்த நல்ல பாட்டில்

அந்தப் பழரசத் தொழிற்சாலையில் அவன் நெஞ்சில் முதலில் பட்டது காதல் அல்ல, ஒரு பாட்டில். மூடி இறுகிய முதல்தரப் பாட்டில். அதனால் வலி கொஞ்சம் கூடுதல்.

நிமிர்ந்தான். பாட்டில்கள் நகரும் பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு கண்கள்... தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்த மழை, அவை இமைத்தபோது ஒரு நொடி நின்றது. ஃபோர்மேன் சாட்சி. அவருக்குக் காது கேட்காது என்பது வேறு விஷயம்.

"அடிபட்டுச்சாங்க?"

"இல்லைங்க... நல்லாத்தான் இருக்கு."

"எது, நெஞ்சா, பாட்டிலா?"

அவள் தரம் பார்ப்பவள். அவன் பெல்ட்டை ஆட்டிவைக்கும் பி.எல்.சி. என்ற குட்டிக் கணினிப் பெட்டிக்குப் புரோகிராம் எழுத வந்தவன். முன்னால் ஒரு கேமரா, மூடி தளர்ந்த பாட்டிலைக் கண்டுபிடிக்கும். அந்தப் பாட்டில் பெல்ட்டின் கோடிக்கு வந்ததும், காற்றில் இயங்கும் ஒரு கை உதைத்துத் தள்ளும். அதற்குக் கழுதை என்று பெயர்.

அன்று சோதனைக்காக அவள் மூடி தளர்ந்த பாட்டில் ஒன்றைக் கேமரா முன் வைத்தாள். அந்த நொடியே, கோடியில் நின்ற நல்ல பாட்டிலைக் கழுதை அவன் நெஞ்சுக்கே உதைத்தது. கெட்டது மாப்பிள்ளை மாதிரி ஊர்வலம் போய், விற்பனைக்குப் போகும் அட்டைப்பெட்டிக்குள் இறங்கியது.

"தப்பு பண்ணினது போகுது, சும்மா நின்னது உதை வாங்குது! என்ன சார் உங்க நியாயம்?"

மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"புரோகிராம் சரிங்க. இவங்கதான் பாட்டிலை மாத்தி வச்சிருப்பாங்க."

மேனேஜர் தன் தண்ணீர் பாட்டிலையே பெல்ட்டின் கோடியில் நிறுத்தி, மறுபடி சோதிக்கச் சொன்னார். அது ஜன்னல் வழியே பறந்து பக்கத்துத் தொழிற்சாலையில் விழ, அங்கே லேபிள் ஒட்டி விற்றுவிட்டதாகக் கேள்வி. அந்தக் கோபத்தில், அவன் சொன்னதையே நம்பி அவளை லேபிள் கிடங்குக்கு மாற்றினார்.

மத்தியானமே அவனுக்கு விளங்கிவிட்டது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் பி.எல்.சி. பெட்டியின் நினைவில் ஒரு கட்டம். பெல்ட் நகர்ந்தால் கட்டங்களில் உள்ளதும் ஓரிடம் நகர வேண்டும். கடைசிக் கட்டத்தில் தொடங்கிப் பின்னோக்கி வருவதுதான் முறை. அவன் முதல் கட்டத்திலிருந்து தொடங்கியிருந்தான். முதல் கட்டத்தின் 'கெட்டது' இரண்டாவதுக்கு, அதிலிருந்து மூன்றாவதுக்கு... ஒரே மூச்சில் கடைசிவரை ஓடி, நல்லதின் தலையில் உட்கார்ந்துவிட்டது.

ஓசைப்படாமல் திருத்தினான். மேனேஜர் முதுகில் தட்டினார். அப்போதே சொல்லியிருக்கலாம்...

லேபிள் வாங்கும் சாக்கில் தினமும் கிடங்குக்குப் போனான்.

"இன்னைக்கும் லேபிளா? உங்க புரோகிராம் பெட்டிக்குள்ள ஒட்டுவீங்களோ?"

"ஆமாங்க. உள்ளே ஒரே வெறிச்சுனு இருக்கு."

சிரிப்பாள். ஒருநாள் சிரிக்கவில்லை.

"ஒழுங்கா வேலை பார்த்திருந்தா ஏன்டி மாத்துவாங்கன்னு அம்மா கேக்குறாங்க."

அவன் வாயைத் திறந்தான். சொல்லிவிடு, சொல்லிவிடு...

"நாளைக்கும் மழையாம்" என்றான்.

இப்படியே மழைக்காலத்தை ஓட்டினான். ஒரு மாலை கிடங்கு பூட்டியிருந்தது. வேலையை விட்டு அத்தை ஊருக்குப் போகிறாளாம். அவன் ஓடினான்.

பஸ் நிறுத்தத்தில் அவளைப் பிடித்தபோது சொட்டச் சொட்ட நனைந்திருந்தான்.

"உங்களை எனக்கு..."

"இருங்க. அதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கே?"

அவன் தலை குனிந்தான். "பாட்டிலை நீங்க சரியாத்தான் வச்சீங்க. தப்பு என்னோடது. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். உங்க வீட்டுக்குப் போய் அம்மாகிட்டயும் சொல்லிட்டுத்தான் வரேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"துண்டு குடுத்தாங்க. தலையைத் துவட்டிட்டு வெளிய போகச் சொன்னாங்க."

சிரித்துவிட்டாள். சிரித்த கண்களில் நீர் முட்டியது.

"நான் சரியா வச்சது எனக்குத் தெரியாதா? நீங்க எப்போ வாயைத் திறப்பீங்கன்னுதான் அந்தக் கிடங்குல உக்காந்திருந்தேன்."

"பிடிச்சிருக்குங்க... போகாதீங்க."

"எனக்கும் பிடிச்சிருக்கு. இல்லேன்னா இவ்வளவு நாள் உக்காந்திருப்பேனா? இனிமே முடியாதுங்க."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"கழுதை இப்போ யாரை உதைக்குது?"

"தப்பு பண்ணினவனைத்தாங்க."

பஸ் திரும்பி மறைந்தது. மழை விடவில்லை. அவன் கையில் குடை இருந்தது. விரிக்க மறந்துவிட்டான் என்று சொல்வார்கள். மறக்கவில்லை.