கருநாக்கில் தெரிந்த வீடு

திரையிலிருந்த குறுவாளின் அலகில் சமையலறை தெரிந்தது. பாறைக் குகை தெரிய வேண்டிய இடத்தில், கைப்பிடி உடைந்த ஒரு வெள்ளை அலமாரியும், அதன்மேல் கவிழ்த்து வைத்த நீல டிபன் டப்பாவும். அலமாரி அவள் வீட்டினுடையது. டப்பா அவள் மகளுடையது.

வீடியோ கேம் வெளிவருமுன் ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு, வீட்டிலிருந்தே செய்கிறாள். இப்போது ஆடும் இந்த கேம் வரிசையில் ராஜா மாறுவான், ராஜ்ஜியம் மாறும், கருநாக்கு என்கிற இந்தக் குறுவாள் மட்டும் பாகத்துக்குப் பாகம் எங்கேயாவது வந்து கிடக்கும். எடுத்தவன் கடைசியில் தன் உயிருக்குயிரானவரைத் தன் கையாலேயே குத்துவான். இதற்காகவே காசு கொடுத்து வாங்குகிற கூட்டம் இருக்கிறது, என்ன ரசனையோ. சோதிப்பவர்கள் எல்லாப் பொருளையும் ஒரு தடவையாவது எடுத்துப் பார்த்தாக வேண்டும். காலையில் அவளும் கருநாக்கை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் குகைக் கல்லின்மேல் திரும்ப வைத்தாள்.

அதை வடிவமைத்தவன் அவள் கணவன். அலகு பளபளக்க, ஏதாவது ஓர் அறையைச் சுற்றிலும் படமெடுத்து, குகைபோல் மாற்றி அதில் பிரதிபலிப்பாக ஒட்டுவான். அப்படியென்றால் இந்த வீட்டைப் படமெடுத்திருக்கிறான், ஒரு வார்த்தை சொல்லாமல். அவளுக்குச் சுருக்கென்றது. ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, நம்ம சமையல்கட்டை எதுக்குப் படம் எடுத்தீங்க?"

"நானா? எனக்கு வேற வேலை இல்லையா? அது இங்க ஆபீஸ் ஸ்டோர் ரூம். போன மாசம் எடுத்தது."

"கண்ணு முன்னாடி தெரியுது. காதுல பூ சுத்தாதீங்க."

"மறுபடி திறந்து பாரு. மீட்டிங் இருக்கு, வச்சிடறேன்."

ஏன் இவ்வளவு அவசரம்? அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாளில் யாரையாவது கூட்டி வந்தானா? யாரை? கடுப்போடு கேமை மூடித் திறந்தாள்.

இப்போது அலகில் வீட்டு வாசல் நடை தெரிந்தது. ஆணியில் மகளின் மஞ்சள் மழைக்கோட்டு, அதிலிருந்து சொட்டித் தரையில் தேங்கிய தண்ணீர். போன மாதம் ஏது மழை? சற்றுமுன் குழந்தை பள்ளிவிட்டு வந்ததும் அவளேதான் அதை மாட்டிவிட்டு, குழந்தையைப் படுக்க வைத்தாள்.

வெளியே மழை ஓட்டில் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. நடையிலிருந்து ஈரத்துணி வாடையும், அதனடியில் துருப்பிடித்த இரும்பை நாக்கில் வைத்தாற்போல் இன்னொரு வாடையும் மெல்ல வந்து அவள் நாற்காலியைச் சுற்றி நின்றன. எழுந்து வாசல் தாழ்ப்பாளைப் பார்த்தாள். போட்டபடியே இருந்தது. அப்போது சந்தேகம் கணவனை விட்டு நகர்ந்தது. யாரோ உள்ளே இருக்கிறார்கள்.

மூடித் திறந்தாள். கட்டில். கலைந்த போர்வை. ஒரு சின்னப் பாதம், மிக அருகில்.

ஓடினாள். குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கடியில் யாருமில்லை. கதவுக்குப் பின்னால் யாருமில்லை. மகளை அள்ளித் தூக்கி வந்து மடியில் போட்டு இறுக்கிக்கொண்டாள். இனி எவன் வருகிறான் பார்க்கலாம்.

திரையில் குகை. கல். கல்லின்மேல் எதுவுமில்லை.

"அம்மா," என்றாள் குட்டி, கண் திறக்காமல். "உன் கை ஜில்லுனு இருக்கு."

"தூங்குடி தங்கம். அம்மா இருக்கேன்ல."

குனிந்தாள்.

மகளின் கழுத்தோரம், தன் வலது கையில், நீளமாக ஒரு பளபளப்பு. அதில் குட்டியின் காது. அதற்குமேல் குனிந்திருக்கும் அவள் முகம்.

விரல்களை விரிக்கப் பார்த்தாள்.

அவை இறுகின.