இருபதாவது உறை

செவ்வாய்க் கோளிலிருந்து இருபது விடைகளும் வந்து சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கேள்விகளைத்தான் இன்னும் யாரும் கேட்கவில்லை.

தூத்துக்குடி அரங்கின் மேடையில், அந்த விடைகளை உள்ளே வைத்து, எண் போட்டு ஒட்டிய இருபது உறைகளை நடுவர் மரகதவல்லி வரிசையாக அடுக்கிவைத்தார். எதிரே வினா நாற்காலியில் அருமைராஜ் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருடமாக அந்த நாற்காலி அவருடையது. பதினாலாயிரம் கேள்வி கேட்டிருக்கிறார், ஒன்றைக்கூட இரண்டாம் முறை கேட்டதில்லை. அந்தப் பெருமை மீசையிலேயே தெரியும். ஐந்து நொடிக்குள் விடை வராவிட்டால் "சரி, அடுத்த கேள்வி" என்று போய்க்கொண்டே இருப்பார். அந்த ஐந்து நொடி விதியும் அவர் போட்டதுதான்.

செவ்வாய்க் குடியிருப்பை வினாப்போட்டியின் வாசலையே மிதிக்கவிடாமல் செய்ததும் அதே விதிதான். இங்கே கேட்டது அங்கே போய்ச் சேரப் பதின்மூன்று நிமிடம், பதில் திரும்பி வர இன்னொரு பதின்மூன்று. ஐந்து நொடிக்கு எங்கே போவார்கள் பாவம்! அந்தத் தாமதத்தை ஏமாற்ற வந்த கருவிதான் முன்விடையி. ஒருவர் இதுவரை கேட்டதையெல்லாம் படித்து, இனி என்ன கேட்பார் என்று அது கணித்துவிடும். செவ்வாய்க்காரர்கள் அதற்கான பதிலை முன்கூட்டியே பேசி அனுப்பிவிடுவார்கள். பூமியில் கேள்வி வாயை விட்டு வந்ததும் பதில் ஒலிக்கும். மருத்துவரும் நோயாளியும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், மாமியாரும் மருமகளும் அப்படித்தான் சண்டை போட்டார்கள். போன மாதம் ஒரு பெண் பார்க்கும் சடங்கில், பெண் பாடி முடித்த பிறகுதான் பாடத் தெரியுமா என்ற கேள்வி வந்ததாம்.

அருமைராஜின் ஒரே மகள் ஜெபசீலிக்குச் செவ்வாயில் பனி தோண்டும் வேலை. ஞாயிறுதோறும் அப்பாவும் மகளும் முன்விடையியில் பேசுவார்கள். எங்கள் பேச்சில் ஒரு நொடி இடைவெளி இருக்காது என்று அவர் தெருவெல்லாம் சொல்லித் திரிவார். அந்த மகள்தான் செவ்வாய் அணித் தலைவி. உங்கள் இருபது கேள்விக்கும் முன்னதாகவே விடை அனுப்புகிறோம், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் எழுதியபோது அவருக்குச் சுருக்கென்றது. இருபதும் சரியாக இருந்தால் அவர்கள் உள்ளே, நான் நாற்காலியை விட்டு வெளியே என்று ஊரறியச் சொல்லிவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

கேள்விகளைப் பென்சிலால் ஒரு நோட்டில் எழுதி, தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினார். எந்தக் கருவிக்கும் அந்த நோட்டின் வாசம்கூடப் படவில்லை.

சூரியனைச் சுற்றி வருவதைவிடத் தன்னைத் தானே சுற்ற அதிக நாள் எடுக்கும் கோள் எது என்று ஆரம்பித்தார். முதல் உறைக்குள் வெள்ளி என்று இருந்தது. வெண்பாவின் கடைசி அடியில் எத்தனை சீர்? மூன்று. பெருங்கடலைத் தொட இரண்டு எல்லைகளையாவது தாண்டியாக வேண்டிய நாடுகள் எத்தனை? இரண்டு. போக்குக் காட்டிப் பார்ப்போம் என்று, கபடிக் களத்தில் ஒரு அணிக்கு எத்தனை பேர் என சின்னப்பிள்ளைக் கேள்வி ஒன்றை வீசினார். ஏழு என்று அதற்கும் உறை தயாராக இருந்தது. பத்தாவது உறைக்கு அரங்கம் கைதட்டியது, பதினைந்தாவதற்கு எழுந்தே நின்றுவிட்டது.

பத்தொன்பதாவதும் சரியாக இருந்தபோதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. கேட்டதைத் திரும்பக் கேட்கமாட்டார் என்ற பெருமையே அவரைக் காட்டிக்கொடுத்திருந்தது. அவருக்குப் பிடித்த கேள்விகளில் கேட்காமல் மிஞ்சியவை கொஞ்சம்தானே, கருவி அவற்றைத் துழாவி எடுத்துவிட்டது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஏன் இடைவெளி இல்லாமல் ஓடியது? நாலு வருடமாக மகளிடம் அவர் கேட்டது மூன்றே மூன்று. சாப்பிட்டியா, மேலுக்கு நல்லாருக்கியா, வேலை எப்படி. பதில் முடிவதற்குள், சரி, அடுத்த கேள்வி. ஊராரிடம் ஒரு கேள்வியைக்கூடத் திரும்பக் கேட்காதவர் பெற்ற மகளிடம் இப்படி இருந்திருக்கிறார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நோட்டை மூடினார். மைக்கைக் கிட்டே இழுத்தார்.

"ஏட்டி ஜெபசீலி, இது நோட்டுல இல்லாத கேள்வி. அங்க ஏதாவது ஒரு இடத்துக்கு, எந்த வரைபடத்துலயும் இல்லாத பேரு நீயா ஒண்ணு வச்சிருப்ப. அது என்ன? இதுக்கு விடை எனக்குத் தெரியாது."

அரங்கில் சலசலப்பு எழுந்தது. முப்பத்தொரு வருடத்தில் விடை தெரியாத கேள்வியை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

மரகதவல்லி இருபதாவது உறையைப் பிரித்து உரக்கப் படித்தார். "அப்பா, பத்தொன்பதும் சரியா இருந்தா ரோஷம் வந்து நோட்டை மூடிருப்பீங்க. இருபதாவதுக்கு முன்விடையி பராகுவேன்னு சொல்லுது. நான் அதை விடையா அனுப்பல. நீங்க புதுசா என்ன கேட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. இருபத்தாறு நிமிஷம் இருங்க, சொல்லுதேன்."

அருமைராஜ் நோட்டை விரித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் வெவ்வேறு சின்னம் உள்ள தேசியக்கொடி எந்த நாட்டுடையது என்று கடைசி வரியில் எழுதியிருந்தது. பராகுவேதான். கருவி நோட்டைத்தான் கணித்தது. இவள் அப்பனையே கணித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இதைச் சரின்னு போடவா, தப்புன்னு போடவா?" என்று கேட்டார் மரகதவல்லி.

விதிப்படி தப்புதான். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் நாற்காலி தங்கும், செவ்வாய் வெளியே நிற்கும். அவருக்கோ நெஞ்சு பூரித்துப் போயிருந்தது. இத்தனை கோடி மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு தன் குணத்தை நிமிடம் பிசகாமல் அறிந்த ஒருத்தியைத் தான் பெற்றிருக்கிறோம் என்ற பெருமைக்கு முன்னால் நாற்காலி என்ன நாற்காலி!

"சரின்னே போடுங்க. புலிக்குப் பொறந்தது பூனையாகுமா?" என்றபடி எழுந்துவிட்டார்.

இருபத்தாறு நிமிடமும் காத்திருந்தார்கள். டீ குடிக்கப் போனவர்கள்கூட ஓடி வந்துவிட்டார்கள். பிறகு ஜெபசீலியின் குரல் வந்தது.

"வேலைக்குப் போற வழியில ஒரு பள்ளம் இருக்குப்பா. உள்ள என்ன இருக்குன்னு யாரும் இறங்கிப் பாத்ததில்ல, சுத்திக்கிட்டுப் போயிருவோம். அதுக்கு நான் வச்ச பேரு, 'சரி, அடுத்த கேள்வி'."

அரங்கம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. அருமைராஜும் சிரித்தார், கண்ணும் கலங்கியது. பழக்கதோஷத்தில் அதே வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிக்கொண்டார்.

"இறங்கிப் பாத்துட்டுச் சொல்லுட்டி, உள்ள என்னதான் இருக்கு? எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்," என்றார்.

நாற்காலி இப்போது அவருடையது இல்லை. மேடைப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குக் கிளம்ப எழுந்தவர்களில் பாதிப் பேர், அந்தப் பள்ளத்தில் என்ன இருக்கும் என்று பேசிக்கொண்டே திரும்ப உட்கார்ந்தார்கள்.