இரண்டாவது சாவி

படகுத்துறையிலிருந்து விடுதிக்கு ஏறும் படிகளில் பாசி பிடித்திருந்தது. அண்ணி முன்னால் போனாள். பழகிய வீட்டுக்குப் போகிறவள் மாதிரி எங்கும் நிற்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் பின்னால் ஏறினாள் அவள் கணவனின் தங்கை.

“இவ்வளவு தூரம் நாத்தனாரைக் கூட்டிட்டு வந்த ஒரே ஆள் நீங்கதான் அண்ணி.”

“வேற யாரு வருவா என்கூட? உங்க அண்ணன் முன்னாடியே வந்துட்டாரே.”

சிரிப்பதா வேண்டாமா என்று தங்கைக்குத் தெரியவில்லை.

பதினோரு மாதத்துக்கு முன், இதே விடுதியில் தங்கியிருந்தபோது, அண்ணன் மதியச் சாப்பாடு முடிந்ததும் நீந்தப் போனான். மூன்று மணிக்கு வந்துவிடுவதாக அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை. இப்போது அதே அறையில் இரண்டு நாள் இருந்தே ஆகவேண்டும் என்று அண்ணி பிடிவாதம் பிடித்தாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. கிளம்பும்போது அம்மா தங்கையைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: “அவனைத்தான் விட்டுட்டோம். இவளையாவது திரும்பக் கூட்டிட்டு வந்துடு.”

வரவேற்பில் இருந்தவர் ஒரே ஒரு சாவியை நீட்டினார்.

“இன்னொண்ணு இருக்குமே?” என்றாள் தங்கை.

“நீந்தப் போனப்ப அது சாரோட கால்சட்டைப் பையில இருந்ததும்மா.” அவர் அண்ணியைப் பார்க்காமல் சொன்னார். “பூட்டை மாத்தணும். அக்கரையிலேர்ந்து ஆள் வரேன் வரேங்கறான், வரல.”

அறை உச்சியில் தனியாக இருந்தது. மூன்று பக்கமும் கடல். மழை ஓய்ந்து நாளாகியும் சுவரில் ஈரவாடை போகவில்லை. விடுதியில் வேறு யாரும் தங்கியிருக்கவில்லை.

மதியம் தங்கை படுத்தாள். அண்ணி கட்டில் ஓரத்தில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. காற்று நின்றுபோனது.

நடையில் ஈரக்கால் வைக்கும் சத்தம் கேட்டது.

பூட்டுக்குள் சாவி நுழைந்தது. ஒரு சுற்று திரும்பியது.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவு லேசாக அழுந்தி, நின்றது. பிறகு எதுவும் இல்லை.

“கூட்டிப் பெருக்கறவங்களா இருக்கும்” என்றாள் தங்கை.

“அவங்க தட்டுவாங்க” என்றாள் அண்ணி. சுவரில் கடிகாரம் மூன்றைக் காட்டியது.

கூட்டிப் பெருக்கும் அம்மா சாயங்காலம்தான் வந்தாள். வாசலில் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைத்தாள். துடைத்த இடம் காய்ந்ததும் உப்புப் பூத்தது.

“மதியத்துல தாழ்ப்பாள் போட்டுக்கோங்கம்மா.”

“எதுக்கு?”

“போட்டுக்கோங்க.” வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மதியம் அண்ணி மறுபடி குளித்தாள். தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டாள். மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தாழ்ப்பாளில் கை வைத்தாள். தங்கை பாய்ந்து போய்க் குறுக்கே நின்றாள்.

“விடு. அவர் வெளியில நிக்கப்போறார்.”

“தெரியும் அண்ணி.”

“உன் கூடப்பிறந்தவர்டீ.”

“அதனாலதான் சொல்றேன். அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

ஈரக்கால்கள் வந்தன.

சாவி திரும்பியது. பின்னுக்குத் திரும்பியது. மறுபடி திரும்பியது.

தங்கை கதவில் முதுகைச் சாய்த்து அழுத்திக்கொண்டாள். மரத்தின் வழியே குளிர் ஏறியது. அந்தப் பக்கமும் ஏதோ சாய்ந்தது. அவள் தலைக்கு ஒரு சாண் மேலே. அண்ணனின் உயரம். கதவிடுக்கில் கடற்பாசி நாற்றம் வந்தது. கதவடியில் மெல்லிய கோடாகத் தண்ணீர் நுழைந்து அவள் குதிகாலைத் தொட்டது.

அண்ணியின் விரல்கள் தாழ்ப்பாளை விடவில்லை.

தங்கைக்கு வேறு வழி தெரியவில்லை. சின்ன வயதில் கோபித்துக்கொண்டு நிற்பவனைச் சமாதானம் செய்கிற குரலில், தலையைத் திருப்பாமல் சொன்னாள்.

“அண்ணா. நாளைக்குக் காலைல எட்டு மணிப் படகுல நாங்க வீட்டுக்குப் போறோம். அண்ணியை நான் பத்திரமா பாத்துக்கறேன். இனிமே இங்க வராதே.”

சாவி நின்றது.

வெகுநேரம் கழித்து, பூட்டிலிருந்து அது உருவப்படும் சத்தம். கால்கள் படியிறங்கின.

அண்ணி அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து துணிகளை மடிக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றாக, நிதானமாக. ஜெயித்துவிட்டோம் என்றுதான் தங்கை நினைத்தாள். அன்று ராத்திரி அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள்.

காலையில் கடல் தட்டையாகக் கிடந்தது. படகு சிறியது. இவர்கள் இருவரையும் விட்டால் பயணிகள் இல்லை. நடுப்பலகையில் உட்கார்ந்தார்கள். படகுக்காரர் பின்னால் குனிந்து இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

படகு வலப்பக்கம் சாய்ந்தது.

“வலது ஓரமா உக்காந்திருக்கறவங்க கொஞ்சம் நடுவுல வாங்க” என்றார் அவர், தலை நிமிராமல். “படகு சாயுது.”

வலது ஓரத்தில் யாரும் இல்லை.

நடுப்பலகை கிறீச்சிட்டது. படகு மெல்ல நிமிர்ந்தது.

“ஆங். இப்ப சரி.”

அண்ணி தன் பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.