ஒரு துண்டு மூளை குறைகிறது!

செல்போன் அலறியது.

"மூளையைக் காணோம்!" என்றது ஒரு பெண் குரல், அழாத குறையாக.

"எங்க ஸ்டேஷன்லயும் பல பேருக்கு அதே பிரச்சினைதான்," என்றார் இன்ஸ்பெக்டர் வாங்கெலிஸ், காப்பியை உறிஞ்சியபடி. "யார் பேசறது?"

"புரொஃபசர் எவந்தியா! என் லேப் ஃப்ரீசர்லேர்ந்து திருடிட்டாங்க!"

காப்பி பாதியில் நின்றது. கிரேக்க நகரமான தெஸ்ஸலோனிகியில் அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் யார்?

லேபில் புரொஃபசர் காலி ஃப்ரீசரைத் திறந்து காட்டினார்.

"உதட்டுல கொப்புளம் வருதே... அந்த வைரஸ் நரம்புக்குள்ள ஒளிஞ்சிருந்து, வயசான காலத்துல மூளைக்கு ஏறி ஞாபகத்தையே தின்னுடுதோன்னு சந்தேகம். மறதி நோய்ல செத்தவரோட மூளையில அதைக் கண்டுபிடிச்சேன் சார்! மிச்சம் ஒரே துண்டு. நாளைக்கு நிருபர்கள் முன்னால அதுலயும் வைரஸைக் காட்டணும். இல்லேன்னா என் மானமே போயிடும்!"

"அடேயப்பா! பெரிய ஆளு மேடம் நீங்க!"

"ஃப்டூ! ஃப்டூ! ஃப்டூ!"

கண் பட்டுவிடக் கூடாதே! புரொஃபசர் தன் மார்பில் துப்பிக்கொண்டதில் பாதி வாங்கெலிஸின் டையில் விழுந்தது. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவர் மனைவியும் அப்படித்தான்.

ஃப்ரீசர் பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு பேரிடம்தான். ஒன்று புரொஃபசரிடம். இன்னொன்று...

உதவி ஆராய்ச்சியாளர் ஃபோட்டினியிடம்!

அவள் மேஜைக்கு அடியில் ஓர் ஐஸ் பெட்டி. வாங்கெலிஸ் திறந்தார். குளிர்ப் புகைக்கு நடுவே... மூளைத் துண்டு!

"அடிப்பாவி! எவன்கிட்ட விக்கப் பார்த்தே?" எவந்தியா பாய்ந்தார்.

"விக்கலை மேடம்... காப்பாத்தினேன்!" ஃபோட்டினி விசும்பினாள். "போன வாரம் கசாப்புக் கடையில வாங்கின ஆட்டு மூளையை உங்க சோதனைத் தட்டுல வெச்சேன். அதுலயும் அதே வைரஸ்!"

"ஆட்டுக்கு ஏதும்மா மனுஷனோட வைரஸ்?" என்றார் வாங்கெலிஸ்.

"மேடம் உதட்டைப் பாருங்க சார்!"

பார்த்தார். மேலுதட்டு ஓரம்... சிவந்த கொப்புளம்!

"அடிக்கடி வரும் சார். கண் படக் கூடாதுன்னு ஒவ்வொரு துண்டு மேலயும் துப்பிட்டுத்தான் சோதனையே ஆரம்பிப்பாங்க! சொல்ல வந்தா காதுலயே வாங்கலை. எச்சில் படாதது இது ஒண்ணுதான்!"

எவந்தியா நாற்காலியில் சரிந்தார்.

"அப்ப... நான் கண்டுபிடிச்சது என் வைரஸையா?"

வாங்கெலிஸுக்கே பாவமாக இருந்தது.

எவந்தியா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நிருபர்களை வர வேண்டாம்னு சொல்லிடு, ஃபோட்டினி. இந்த ஒண்ணையாவது ஒழுங்கா சோதிப்போம். இருந்தா இருக்குன்னு சொல்வோம், இல்லேன்னா இல்லைன்னு சொல்வோம்!"

ஐஸ் பெட்டியை ஆசையாகத் தூக்கினார். உதடு குவிந்தது...

"மேடம்!!"

வாங்கெலிஸ் பாய்ந்து, அதே டையால் அவர் வாயைப் பொத்தினார்.

"திருடியை விட்டுடறேன் மேடம்... இந்த வாயைத்தான் கஸ்டடியில எடுக்கணும்!"