ஆளில்லாத வீட்டில் சொன்ன வார்த்தை

மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி நின்றபோது பகல் பதினொரு மணி. முன்னாலும் சரிவு, பின்னாலும் சரிவு. நடுவில் நான், என் தங்கையின் கணவன், சவாரிக்கு வந்த நர்ஸம்மா. வண்டி என்னுடையது, எரிச்சலும் என்னுடையதுதான். தங்கைக்கு ஏழாம் மாதம். மாப்பிள்ளையைப் பத்திரமாகத் திருப்பிக் கூட்டி வரவேண்டும் என்று ஒன்றுக்குப் பத்து தடவை சொல்லி அனுப்பியிருந்தாள்.

பனிமூட்டம் இறங்கி, குளிர் எலும்பைக் குடைந்தது. மேட்டில் ஒரு பழைய வீடு தெரிந்தது. சாலை வேலைக்காரர்கள் தங்கிப்போன இடம். பூட்டில்லை. உள்ளே நான்கு நாற்காலி, அணைந்த அடுப்பு, வெளிப்பக்கம் தாழிட்ட ஓர் அறை.

அந்த அறைக்குள் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

எலி என்றேன். எந்த ஊர் எலி நாற்காலி போட்டு உட்காரும் என்று நர்ஸம்மா கேட்டார். கதவிடுக்கில் வந்த வாடை அவருக்குப் பழக்கமானது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர் வாயைத் திறந்தால் வருவது. இங்கே இருக்கவேண்டாம் என்றார். அப்போதுதான் எங்கள் பக்கத்துத் தாழ்ப்பாள் தானாக நகர ஆரம்பித்தது. கீழே ஊர் ஆறு கிலோமீட்டர். நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினோம்.

மாப்பிள்ளை மரியாதைக்காரன். தீப்பெட்டி வாங்கினாலும் கடைக்காரரிடம் சொல்லிக்கொள்ளாமல் திரும்பமாட்டான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, பழக்கதோஷம், வீட்டைப் பார்த்துச் சொன்னான்.

"அப்ப வரோம்."

"சரி" என்றது உள்ளே ஒரு குரல்.

ஓடினோம். இறக்கத்திலேயே கால்மணி நேரம் ஓடினோம். பனி கொஞ்சம் கலைந்தபோது எதிரே அதே வீடு. திரும்பி மறுபடி இறங்கினோம். மறுபடி அதே வாசல். மூன்றாம் முறை வந்து நின்றபோது உள்ளறைக் கதவு முழுதாகத் திறந்திருந்தது. என் விரல்கள் மரத்துவிட்டன. நர்ஸம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னொரு சுற்று உடம்பு தாங்காது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் வாயால் மூன்று பேர் கெட்டோம்.

"வரோம்னு சொன்னோம்ல, அதான் பிடிச்சு வச்சிருக்கு" என்றார் நர்ஸம்மா. "மாத்திச் சொல்லுங்க."

மாற்றிச் சொல்வதென்றால் எந்த வார்த்தை என்று எங்களுக்குத் தெரியும். யார் வீட்டு வாசலிலும் நாம் சொல்லாத வார்த்தை. போறேன் என்று முதலில் அவர் சொன்னார். பிறகு நான், ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்து. எங்கள் காலடியில் பனி விலகி, கீழே ஊர்க்கூரைகள் தெரிந்தன.

மாப்பிள்ளையைச் சுற்றி மட்டும் விலகவில்லை.

"வயித்துப்பிள்ளையோட ஒருத்தி காத்துட்டு இருக்கா மச்சான்" என்று கிசுகிசுத்தான். "அந்த வார்த்தை மட்டும் வேணாம்."

உள்ளறையிலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் வாசலை நோக்கி வந்தது. பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"சொல்லித் தொலை மாப்ளே."

"போறேன்" என்றான்.

"சரி."

அவன் படியிலேயே உட்கார்ந்தான். தலை சுவரில் சாய்ந்தது. நர்ஸம்மா கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"போயிட்டாரு."

குளிரில் மாரடைப்பு என்றுதான் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லவைத்தவன் நான். அதை எந்த வாயால் அவளிடம் சொல்வது? பாவி, அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் அவளைத் தனியே விடாமல் அவள் வீட்டிலேயே கிடக்கிறேன்.

நேற்று மத்தியானம் வாசல்கதவைத் தட்டினார்கள். அடக்கமான தட்டல், பக்கத்து வீட்டுக்காரர் தட்டுவது போல. தங்கை உள்ளே குழந்தைத்துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைப் பொத்த ஓடினேன். அதற்குள், யார் கூப்பிட்டாலும் எல்லோரும் சொல்வதை அவளும் சொல்லிவிட்டாள்.

"இதோ வரேன்."

தட்டல் நின்றது. வாக்கு வாங்கிக்கொண்டவர் போல, அவசரமே இல்லாமல், யாரோ படியிறங்கிப் போனார்கள்.