ஹம்ஸாவின் நட்சத்திரக் கள்ளி

"எலிதான் செத்துக் கெடக்கு. சந்தேகமே இல்லை" என்றார் அப்பா உப்பிலி.

பீரோவை நகர்த்தினார். அரிசி டிரம்மை உருட்டினார். அம்மா பரணில் இருந்த அத்தனையையும் கீழே இறக்கிவிட்டாள். எலியாவது, கிலியாவது! ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அந்த வீட்டில் நாற்றம் மட்டும் அசையவில்லை.

ஹம்ஸாவுக்கோ அன்று சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவளுடைய நட்சத்திரக் கள்ளி முதன்முதலாகப் பூத்திருந்தது. "இது லேசுல கெடைக்காது பாப்பா" என்று சொல்லித்தான் ராஜபாளையத்து நர்சரிக்காரர் விரல் நீளத் தண்டு ஒன்றைக் கொடுத்திருந்தார். அதை மணல் கலந்து நட்டு, மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். பூ உள்ளங்கை அகலம்! ஐந்து இதழ்களிலும் சிவப்பு வரிகள்.

முதல் பூ பெருமாளுக்கு என்று தொட்டியைக் கூடத்து ஜன்னலில் வைத்திருந்தாள். பெருமாளுக்கு வைக்கும் பூவை அந்த வீட்டில் யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை.

சாயங்காலம் வந்த தோழி இவாஞ்சலினுக்கு அந்த வழக்கம் தெரியாது. மூக்கைப் பூவுக்குள்ளேயே விட்டாள்.

"ஏட்டி ஹம்ஸா! உங்க எலி இங்கல்லா பூத்திருக்கு!"

"நல்லவேளை, பெருமாளுக்குச் சாத்தலை!" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்பா துண்டால் மூக்கைப் பொத்தினார். "இது ஆத்துக்குள்ள இருக்கப்படாது. காலம்பற குப்பை வண்டி வரும்போது தொட்டியோட போட்டுடு."

ஹம்ஸா தொட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அப்போது பூவின் மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அதையே உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, மல்லிகைக்குப் பூச்சி வரும். இதுக்கு ஈதான் வரணும். அதைக் கூப்பிடத்தான் இந்த நாத்தம். செடி மேல தப்பே இல்லை."

"ஈயைக் கூப்பிட நம்மாத்து ஜன்னல்தான் கெடச்சுதா?"

"வேற இடம் இருக்குப்பா!"

ஹம்ஸா தோழியைப் பார்த்தாள். "உங்க அப்பா கடையில ஒரு மூலை கெடைக்குமா?"

இவாஞ்சலினின் அப்பா சாம்சன், கடைத்தெருவில் கருவாடு விற்பவர். தொட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே பாப்பா! பூ வாடுற வரைக்கும் இங்கயே கெடக்கட்டும்."

மறுநாள் கருவாட்டை மொய்த்த ஈக்கள் பாதி பூவுக்குப் போய்விட்டன. வாங்க வந்தவர்களும் கருவாட்டை மறந்து, "எம்புட்டுப் பெரிய பூவு! யாரு வளத்தது?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் ஹம்ஸா கடைக்கு ஓடினாள். வாசலில் ஒரே கூட்டம். நடுவில் யார் என்கிறீர்கள்? அப்பா! அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர், மூக்கில் துண்டும் கையில் செல்போனுமாகப் பூவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

சைக்கிளில் போன பக்கத்துத் தெரு பால்ச்சாமி சட்டென்று பிரேக் பிடித்தார். "என்ன சாமி, கருவாட்டுக் கடையில நிக்கிய?"

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"எம் பொண்ணு வளத்த பூவைப் பார்க்க வந்தேன் ஓய்!" என்றார், தெரு முழுக்கக் கேட்கும்படி.